விலை கொடுத்தும் நம்முடையதாகாத புத்தகங்கள்

காசு கொடுத்து வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, ஒயர் மூலம் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நிறுத்தியது. அந்த வசதியைப் பயன்படுத்தியவர்கள் குறைவுதான். ஆனால், வாங்கிய நூலைத் தன் கணினியில் ஒரு பிரதியாக எடுத்துவைக்கச் சாதாரண வாசகருக்கு இருந்த எளிய வழி அதுதான். புத்தகக்காட்சி நெருங்கும்போதெல்லாம் ‘கிண்டிலா, காகிதமா’ என்ற விவாதம் நம்மிடையே கிளம்பும். இனி அந்த விவாதத்தைக் காகித வாசனையிலிருந்து தொடங்க முடியாது. வாங்கிய புத்தகம் யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காகிதத்தில் படிப்பதா, திரையில் படிப்பதா என்பது அவரவர் கண்ணையும் வசதியையும் பொறுத்தது. அதில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்யத் தேவையில்லை. சொந்தம் என்கிற கேள்வி அப்படித் தனிமனித ரசனையோடு முடிந்துவிடாது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எது போய்ச் சேரும், ஊர் நூலகத்தில் எது இருக்கும், தமிழில் இன்று எழுதப்படுபவை இன்னும் முப்பது வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

வாங்குவது நூலையா, அனுமதியையா?

முந்நூறு ரூபாய்க்கு ஒரு நாவல் வாங்குகிறீர்கள். படித்து முடித்து நண்பருக்குக் கொடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் பழைய புத்தகக் கடையில் போடலாம். ஊர் நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தரலாம். பேத்திக்கு விட்டுச் செல்லலாம். விற்ற பதிப்பாளர் இதில் எதையும் தடுக்க முடியாது.

அதே நாவலை மின்னூலாக வாங்கினால், பெரிய நிறுவனங்களின் நிபந்தனைகள் தெளிவாகவே சொல்கின்றன: உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. அதை விற்க முடியாது, இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது இந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிமம்தான் தருகிறோம் என்பதை வாங்குபவரின் கண்ணில் படும்படி சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது என்கிற அந்த விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்.

இதெல்லாம் நிபந்தனை வரிகளில் மட்டும் இருக்கும் பயம் என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகள், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழிக்கப்பட்டன. அவற்றை ஏற்றியவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் திறப்பதே நின்றுபோயின. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. வாங்கியதை இறக்கிக்கொள்ள வாசகர்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. நம் நாட்டில் 2012இல் மின்னூல் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், மூன்றே ஆண்டில் அதைக் கைவிட்டு வாசகர்களைக் கோபோ என்ற இன்னொரு மின்னூல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கடை மூடுவது வியாபாரத்தில் சகஜம். ஹிக்கின்பாதம்ஸில் வாங்கிய புத்தகம் வீட்டு அலமாரியில் இருக்க, அந்தக் கடை நாளை திறந்திருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டியதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

நண்பர் ஒருவரின் அப்பா காலமானபோது இதை நேரில் பார்த்தேன். அவருடைய மர பீரோவில் இருந்த புத்தகங்களைப் பிள்ளைகள் மூவரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். முதல் பக்கத்தில் வாங்கிய ஊர், தேதி, கையெழுத்து. நடுவில் பென்சில் கோடுகள். ஒரு புத்தகத்தில் 1980களின் பஸ் டிக்கெட். கடைசிப் பத்து வருடம் அவர் படித்ததெல்லாம் ஒரு இ-ரீடருக்குள் இருந்தது. அதற்குக் கடவுச்சொல் போட்டிருந்தார். கணக்கோடு இணைந்திருந்த கைப்பேசி எண்ணை வீட்டார் ஏற்கெனவே துண்டித்துவிட்டார்கள். அவர் கடைசியாக என்ன படித்துக்கொண்டிருந்தார் என்பதைக்கூட மகளால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கருவியைப் பழிக்க வேண்டாம்

இவ்வளவு சொன்ன பிறகும், இ-ரீடர் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கண்புரை அறுவைசிகிச்சை ஆன பிறகும் சிறிய எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. மூட்டுவலியால் தடிமனான புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. இன்று ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் இ-ரீடரில் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். கட்டைவிரல் பட்டால் பக்கம் புரள்கிறது. அவரிடம் போய்க் காகிதத்தின் மகத்துவம் பேசுவது அநியாயம்.

பார்வைத்திறன் இல்லாதவர்களுக்கு மின்னூல் இன்னும் பெரிய வாசல். நூலை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழையும் ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. ஸ்கேன் செய்த படமாக இருந்தாலோ, திருட்டுத் தடுப்புப் பூட்டு குறுக்கே நின்றாலோ அந்த வாசல் சாத்தப்பட்டுவிடும். டொரன்டோவிலோ பாரிஸிலோ இருக்கும் தமிழ் வாசகரையும் நினைத்துப் பாருங்கள். புத்தகத்தின் விலையைவிடத் தபால் செலவு அதிகம். அவருக்கு மின்னூல்தான் தமிழோடு தொடர்பு.

இ-ரீடர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், இப்போது எதில் படிக்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் கைப்பேசி என்றே பதில் வரும். அப்படியானால் இ-ரீடருக்கு மாறுவது நல்லதே. அதன் திரை விளக்குபோல் கண்ணுக்குள் ஒளியை அடிப்பதில்லை. கருப்பு, வெள்ளைத் துகள்கள் நகர்ந்து எழுத்தாக நின்றுவிடுகின்றன. எழுத்தை அப்படியே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும். உச்சி வெயிலிலும் படிக்கலாம். எல்லாவற்றையும்விட, நடுவில் வாட்ஸ்அப் வந்து கூப்பிடாது.

மாணவர்களின் விஷயம் மட்டும் வேறு. 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றவற்றை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. தகவலும் பாடமும் சார்ந்த உரைகளைத் திரையைவிடக் காகிதத்தில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். நேர நெருக்கடி இருந்தால் இந்த வித்தியாசம் அதிகமானது. கதை படிப்பதில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தைத் திரையில் கொடுப்பதற்கு முன்னால் பெற்றோர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தமிழுக்கென்று உள்ள சிக்கல்கள்

ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட ‘எந்த இ-ரீடர் வாங்கலாம்’ வகைக் குறிப்புகள் தமிழ் வாசகருக்குப் பாதிதான் உதவும். நாம் தேடும் நூல்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப்களாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய நூல்கள் குவிந்து கிடக்கின்றன; எடுத்து ஆறு அங்குலத் திரையில் போட்டால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் வரிக்கு வரி இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். இத்தகைய பழைய நூல்கள்தான் உங்கள் வாசிப்பு என்றால் பத்து அங்குலத் திரை இல்லாமல் காலம் தள்ள முடியாது. அதன் விலையில் ஒரு சிறு நூலகமே வாங்கிவிடலாம்.

இரண்டாவது சிக்கல் எழுத்துருக்களில் இருக்கிறது. 1990களிலும் 2000களிலும் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் பேஜ்மேக்கரில் ஆளுக்கொரு எழுத்துருவில் கோக்கப்பட்டன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை அறிவித்தது. 2010இல்தான் ஒருங்குறி (யுனிகோடு) அரசின் தரமாக ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகளை, உரிய எழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரியும். பல பதிப்பகங்களில் அந்தக் கோப்புகள் இருந்த சிடிக்களே இப்போது இல்லை. அப்படித் தொலைந்தவற்றுக்கு, அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, எழுத்துணரி கொண்டு மறுபடி எழுத்தாக்குவதுதான் ஒரே வழி. அதில் ‘ர’ எல்லாம் துணைக்காலாகவும் துணைக்கால் எல்லாம் ‘ர’வாகவும் மாறி வரும். மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே விற்பனைக்கு ஏற்றப்பட்ட மின்னூல்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருபது வயதான கோப்பைத் திறக்க முடியாமல், அதே நூலின் காகிதப் பிரதியிடம் திரும்பிப் போகிறோம் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மின்னூலாக மட்டுமே இருப்பவை

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களுக்குக் கிண்டில் கடை திறந்த பிறகு, பதிப்பகங்களின் வாசலில் காத்திருந்து சலித்த எத்தனையோ பேர் தாங்களே நூல்களை வெளியிட்டார்கள். இல்லத்தரசிகள், கிராமத்து ஆசிரியர்கள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் என்று புதியவர்கள் வந்தார்கள். தமிழுக்கும் அமேசான் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ எழுத்துப் போட்டி அந்த உற்சாகத்தைக் கூட்டியது. இவற்றில் நல்ல நாவல்கள் உண்டு. வட்டார வரலாறுகள் உண்டு. வேறெங்கும் பதிவாகாத தொழில் அனுபவங்கள் உண்டு.

இந்த நூல்கள் பலவற்றுக்கு அச்சுப் பிரதி கிடையாது. சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் கிடைக்கும் அமேசான் திட்டத்தில் நூலைச் சேர்த்தால், 90 நாள் தவணையாக அதன் மின்வடிவத்தை வேறு கடைகளிலோ தளங்களிலோ தரக் கூடாது என்பது நிபந்தனை. நிறுத்தச் சொல்லாவிட்டால் தவணை தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகும். ஆகவே, அந்தத் திட்டத்தில் இருக்கும்வரை ஓர் இலவசத் தளத்துக்குக்கூட அந்த எழுத்தாளர் தன் நூலைத் தர முடியாது.

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு அச்சிட்ட நூல்தான் தெரியும். மின்னூலாக மட்டும் வெளிவந்தது அதன் கணக்கிலேயே வராது. ஆக, கடந்த பத்தாண்டில் தமிழில் எழுதப்பட்டவற்றில் ஒரு கணிசமான பங்கு ஒரே ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அந்த நிறுவனம் நாளை தமிழில் லாபமில்லை என்று முடிவெடுத்தால் அந்த நூல்களுக்கு மாற்றுப் பிரதி இல்லை.

காகிதம் நிரந்தரம் என்று இதற்கு அர்த்தமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீடுகளின் தரைத்தளத்தில் ஊறிப்போன புத்தகங்கள் எத்தனை! ராமபாணப் பூச்சி துளைத்தவை, பரணில் பொடிந்தவை, வீடு மாற்றும்போது பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போனவை இன்னும் அதிகம். யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் 1981இல் எரிக்கப்பட்டதை மறக்க முடியுமா? அங்கே மட்டுமே இருந்தவை போனவைதான். வீடுகளிலும் கோயில்களிலும் வெளிநாடுகளிலும் இன்னொரு பிரதி இருந்தவையே பிழைத்தன. ஈழத்து எழுத்துகளைத் தேடித் தேடி ஸ்கேன் செய்து 2005 முதல் நூலகம் திட்டம் சேர்த்துவருவது அப்படிச் சிதறிக் கிடந்த பிரதிகளைத்தான்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்துவைத்த தொகுப்பிலிருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் விலைக்கு வாங்கிச் சேர்க்க அவரால் முடிந்ததற்குக் காரணம், அவை கைமாறக்கூடிய பொருள்களாக இருந்தன. உரிமத்தின்பேரில் படிக்கக் கிடைக்கும் நூலை எந்த முத்தையாவாலும் சேர்க்க முடியாது.

என்ன செய்யலாம்?

வாசகரிலிருந்து தொடங்குவோம். இ-ரீடர் வாங்குவதற்கு முன் நீங்கள் படிக்க விரும்பும் பத்துத் தமிழ் நூல்களை எழுதிக்கொண்டு, அவை மின்னூலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்குகூடத் தேறவில்லை என்றால் கருவிக்குப் போடும் பணத்தைப் புத்தகத்துக்கே போடலாம். யாரிடமாவது கருவியை ஒரு வாரம் இரவல் வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒருமுறை படித்து முடிக்கும் துப்பறியும் கதை, பயணத்தில் படிக்கும் நாவல், எழுத்து பெரிதாக வேண்டிய தடித்த தொகுப்பு ஆகியவற்றுக்கு மின்னூல் போதும். அகராதி, கவிதை, உரைநூல்கள், குழந்தைகளின் புத்தகங்கள், மறுபதிப்பு வராது என்று தோன்றும் சிறு பதிப்பக நூல்கள் ஆகியவற்றை அச்சில் வாங்கி வையுங்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தன்னார்வலர்களும் பூட்டில்லாத நூல்களை இலவசமாகத் தருகிறார்கள். இறக்கி உங்கள் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னூல் கணக்கின் விவரத்தை வங்கிக் கணக்கு விவரம்போல வீட்டில் ஒருவருக்காவது எழுதிக் கொடுங்கள்.

பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் செய்யக்கூடியது இதைவிட அதிகம். மின்னூலுக்குப் பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பதை, ஏற்றும்போது அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தாங்களே வெளியிடுபவர்கள் பூட்டு வேண்டாம் என்று சொன்னால், வாங்கியவர் அதை இ-பப் கோப்பாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கிக்கொள்ள 2026 ஜனவரியிலிருந்து அமேசானே வழி செய்திருக்கிறது. பூட்டு திருட்டைத் தடுத்ததா என்று டெலிகிராம் குழுக்களைப் பார்த்தாலே தெரியும். திருடுபவர் உடைத்துவிடுகிறார், பணம் கொடுத்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். அச்சுப் புத்தகம் வாங்குபவருக்குச் சிறிது கூடுதல் விலையில் மின்கோப்பையும் சேர்த்துத் தரப் பதிப்பகங்கள் முன்வந்தால், இரண்டில் ஒன்று என்ற பேச்சே குறைந்துவிடும்.

அரசின் பங்கும் இருக்கிறது. நாம் கட்டும் சொத்து வரியோடு 10% நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் அச்சு நூல்கள் வாங்கப்படுகின்றன, தொடரட்டும். சிங்கப்பூரில் நூலக உறுப்பினர் ஒருவர் தமிழ் மின்னூலைக் கைப்பேசியிலேயே இரவல் எடுத்துத் திருப்பித் தருகிறார். இங்கேயும் பொது நூலகத் துறை தமிழ்ப் பதிப்பகங்களோடு பேசி, நியாயமான ராயல்டி கொடுத்து அப்படி ஓர் இரவல் வசதியைத் தொடங்கலாம். மாவட்ட மைய நூலகங்களில் பெரிய எழுத்து வைத்துப் படிக்கச் சில இ-ரீடர்களை முதியவர்களுக்கு இரவல் தரலாம்.

அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சு வடிவமும் உள்ள மின்னூலுக்கு 2018இல் 18%லிருந்து 5% ஆகக் குறைத்தார்கள். மின்னூலாக மட்டுமே வெளிவந்ததற்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. பதிப்பகம் கிடைக்காத புதிய எழுத்தாளரைத்தான் இது தண்டிக்கிறது. நூல் எந்த வடிவத்தில் இருந்தாலும் நூலே என்று வரி நீக்க வேண்டும்.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது மத்திய அரசின் வேலை. பிரிட்டன் 2013இலேயே மின்வெளியீடுகளையும் தேசிய நூலகங்களின் சேமிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. சிங்கப்பூர் 2019இல் செய்தது. நம் மக்களவை உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். ஆனால், தமிழக அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்னூலாக மட்டும் வெளியான தமிழ் நூல்களை எழுத்தாளர்கள் தாமாக முன்வந்து சேமிப்புக்குக் கொடுக்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ கன்னிமாராவிலோ ஒரு வாசலைத் திறந்துவைக்கலாம். விற்பனை பாதிக்கும் என்று பயப்படுபவர்களுக்கு, பதிப்புரிமைக் காலம் முடியும்வரை பொதுப் பார்வைக்கு வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் போயிற்று.

கிண்டிலில் மட்டும் வெளியிட்டிருக்கும் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது பத்துப் பிரதி வேண்டுமானாலும் அச்சிட்டுத் தருகிறார்கள். உங்கள் நூலில் பத்துப் பிரதி அச்சடித்து, ஒன்றைக் கன்னிமாராவுக்கும் ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒன்றைச் சொந்த ஊர்க் கிளை நூலகத்துக்கும் அனுப்புங்கள். மீதியைப் படிக்கிறவர்களிடம் கொடுத்து வையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் பதிப்பு ஆண்டையும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் போட மறக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் விண்ணப்பித்தால் அந்த எண்ணை இலவசமாகவே தருகிறார்கள்.